ஏற்காட்டில் விண்வெளிப் பயிற்சி முகாம்: குளமா, மூடிய அறையா, கட்டுப்பாட்டு அறையா, கல் தேடும் நடையா?

சேலத்தில் நாங்கள் நடத்திவரும் அறிவியல் மன்றத்தின் முகாம் இந்த முறை அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டில் நடக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். விண்வெளி வீரர்கள் பயணத்துக்கு எப்படித் தயாராகிறார்கள் என்பதுதான் கரு. அதைத் தேர்ந்தெடுத்ததும் பிள்ளைகள்தான். 2025 ஜூன் 25-ஆம் தேதி சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் கிளம்பியதிலிருந்து அவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன. முன்பெல்லாம் ராக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது "அவர் என்ன பழகினார், எத்தனை நாள் பழகினார், நாமும் பழக முடியுமா மிஸ்" என்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தர வேண்டும் என்பதால் ஒரு மாதமாக நானும் மற்ற ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினோம். எல்லாப் பயிற்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் காட்டலாம் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மூன்று நாள் முகாமில் ஒன்றை எடுத்து உருப்படியாகச் செய்வதுதான் நல்லது. எது அந்த ஒன்று என்பதை முடிவு செய்ய ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். பிள்ளை செய்யும் காரியமும் வீரர் செய்யும் காரியமும் ஒரே காரியமாக இருக்க வேண்டும். பார்வைக்கு மட்டும் அதுபோல் இருந்தால் போதாது.

இந்த அளவுகோலில் சில யோசனைகள் முதல் நாளே விழுந்துவிட்டன. உடலைப் பல மடங்கு ஈர்ப்பு விசைக்குப் பழக்கும் சுழல் இயந்திரம் என்றவுடன், பொருட்காட்சி ராட்டினத்தை வைத்து ஏதாவது செய்யலாமா என்று ஒரு பெற்றோர் ஆர்வமாகக் கேட்டார். ரஷ்யாவின் சோயூஸ் கலம் சாதாரணமாகத் திரும்பும்போதே வீரரின் எடை நான்கைந்து மடங்காகத் தெரியும். 2018 அக்டோபர் 11 அன்று ராக்கெட் பாதியில் பழுதாகி, அலெக்ஸி ஓவ்சினினும் நிக் ஹேகும் தப்பித்து இறங்கியபோது அது ஆறு மடங்கையும் தாண்டியது. அந்த நிலையிலும் அவர்கள் நிதானமாகத் தகவல் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். சுழல் இயந்திரம் கற்றுத்தருவது அந்த நிதானத்தைத்தான். ராட்டினத்தில் அதற்கு வழியில்லை. வளைவாகப் பறந்து இருபது விநாடி சொச்சம் எடையின்மை தரும் விமானமும் நமக்கு எட்டாதது. காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி உண்மையிலேயே முக்கியமானது. 1965-இல் வொஸ்கோத்-2 கலம் இடம் தவறி உரால் மலைப் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கியதால் சோவியத் வீரர்கள் லியோனவும் பெல்யாயவும் அங்கே இரண்டு இரவு கழிக்க நேர்ந்தது. ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நம் ககன்யான் வீரர்கள் நால்வரும் பனிக்காட்டுப் பயிற்சியை முடித்தவர்கள்தான். ஆனால் காட்டெருமை நடமாடும் ஏற்காட்டுச் சோலையில் பிறர் வீட்டுப் பிள்ளைகளை இரவில் விட்டுப் பார்க்க நான் தயாராக இல்லை.

மிச்சம் இருந்தவை நான்கு.

நீச்சல் குளம்

பிள்ளைகளின் முதல் விருப்பம் இதுதான். காரணமும் புரிகிறது, படங்களில் பார்க்க அவ்வளவு அழகு. ஹூஸ்டனில் நாசாவின் மிதவைப் பயிற்சிக் குளம் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். சுமார் 2.35 கோடி லிட்டர் தண்ணீர். விண்வெளி நிலையத்தின் பகுதிகளை உண்மை அளவில் செய்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். வீரர் விண்வெளி உடையோடு இறங்குவார். கூட வரும் முக்குளிப்பவர்கள் எடைகளையும் நுரைத் துண்டுகளையும் மாற்றி மாற்றிச் செருகி, அவர் மூழ்கவும் கூடாது மிதக்கவும் கூடாது என்ற நிலைக்குக் கொண்டுவருவார்கள். விண்வெளியில் ஒரு மணி நேர வேலைக்குத் தண்ணீருக்குள் ஆறேழு மணி நேரம் பழகுவது வழக்கம்.

அந்த உழைப்பு வீண்போவதில்லை. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. கண்ணையும் மூக்கையும் மூடியது. காதிலும் சரியாகக் கேட்கவில்லை. இடுப்பில் கட்டிய கம்பி பின்னோக்கி இழுக்கும் திசையையும், தன் கை ஏற்கெனவே அறிந்திருந்த பாதையையும் நம்பி வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

நம் ஊர்க் குளத்தில் ஒரு பிள்ளை நட்டு போல்ட்டைத் தண்ணீருக்குள் திருகினால் அது விளையாட்டாக இருக்கும், பயிற்சியாக இருக்காது. எடையைச் சமன்செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும், சுவாசக் கருவி வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளைகள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மன்றத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், அதிலும் பெண் பிள்ளைகள். பாதிப் பேரை வேடிக்கை பார்க்க வைக்கும் முகாம் எனக்கு வேண்டாம்.

மூடிய அறை

மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேர் 520 நாள் ஒரு கூடத்துக்குள் செவ்வாய்ப் பயணம் போல வாழ்ந்தார்கள். ஹூஸ்டனில் நான்கு பேர் 2023 ஜூனில் உள்ளே போய் 378 நாள் கழித்து வெளியே வந்தார்கள். இவற்றை வைத்து, ஏற்காட்டு விடுதிக் கூடத்தில் சன்னலையெல்லாம் மறைத்து, கைபேசி இல்லாமல், அளந்த சாப்பாட்டோடு ஒரு குழுவைத் தங்க வைக்கலாம் என்பது எங்கள் இயற்பியல் ஆசிரியரின் யோசனை. செலவு குறைவு, ஏற்பாடும் சுலபம்.

அந்தச் சோதனைகளின் சாரமே அவற்றின் நீளம் என்பதுதான் சிக்கல். நாற்பதாம் நாளோ தொண்ணூறாம் நாளோ ஒருவர் கரண்டியை வைக்கும் சத்தம் இன்னொருவருக்கு எரிச்சலாகிறதே, அதைத்தான் அங்கே ஆராய்கிறார்கள். இரண்டு இரவு ஒன்றாகத் தங்குவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். யாரும் யாரையும் சகித்துக்கொள்ளத் தேவையே வராது. சன்னலை மறைப்பதற்கு மலை ஏறிப்போக வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாசா தன் வீரர்களை மலைக்கும் பனிக்கும் அனுப்பும் பயணங்களில் தலைமைப் பொறுப்பைச் சுற்றில் விடுவார்கள். இன்று தலைவர், நாளை சொன்னதைக் கேட்பவர். சொன்னதைக் கேட்பதும் அங்கே ஒரு திறமையாகவே மதிக்கப்படுகிறது. ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து அன்று எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று பேசுவார்கள். சார்டீனியாவில் ஐரோப்பிய விண்வெளி முகமை 2011 முதல் நடத்தும் குகைப் பயிற்சியிலும் இப்படித்தான். இதற்கு மூடிய அறை தேவையில்லை.

கட்டுப்பாட்டு அறை

கடைசி வரை போட்டியில் இருந்தது இதுதான். வீரர்களின் பயிற்சிக் காலத்தில் பெரும்பங்கு மாதிரிக் கலத்துக்குள் போகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு கோளாறாக உள்ளே விடுவார்கள். கலத்தில் இருப்பவர்களும் தரையில் இருப்பவர்களும் சேர்ந்து அதை அவிழ்க்க வேண்டும்.

அப்பல்லோ 11 கிளம்புவதற்குச் சற்று முன் நடந்த ஒத்திகையில், இறங்கும் நேரத்தில் கணினி ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டும்படி செய்தார்கள். தரைக்குழுவுக்கு அதன் பொருள் பிடிபடவில்லை. பயணத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்கள். ரத்து செய்யத் தேவையே இருக்கவில்லை என்று பிறகு தெரிந்ததும், ஜாக் கார்மன் என்ற இளம் பொறியாளர் எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பட்டியல் கைப்பட எழுதி வைத்துக்கொண்டார். 1969 ஜூலை 20 அன்று நிலவுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை நிஜமாகவே வந்தது. கார்மனும் ஸ்டீவ் பேல்ஸும் சில விநாடிகளில் 'தொடரலாம்' என்று சொல்ல முடிந்ததற்கு அந்த ஒத்திகைதான் காரணம்.

இதைப் பிள்ளைகள் செய்தால் காரியம் அதே காரியம்தான், அளவுகோலில் தேறிவிடுகிறது. இருந்தும் முதலிடம் தராததற்குக் காரணம், இதில் உழைப்பெல்லாம் பெரியவர்களுடையதாகிவிடும் என்பதே. நம்பும்படியான கோளாறுகளை உருவாக்கி, ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதி வைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிள்ளைகள் நாம் மனதில் வைத்திருக்கும் விடையை ஊகிக்கும் வினாடி வினாவாகிவிடும். அப்புறம், இதைச் சேலத்திலேயே பள்ளிக் கணினி அறையில் செய்யலாம். ஏற்காடு எதற்கு?

கல் தேடும் நடை

நிலவுக்குப் போகிறவர்களுக்குப் பாறை படிக்கச் சொல்லித்தருவார்கள் என்றால் பிள்ளைகள் முகத்தில் முதலில் ஏமாற்றம்தான் தெரிகிறது. அப்பல்லோ வீரர்களுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. போர் விமானம் ஓட்டியவர்களை உட்கார வைத்துத் தாதுக்களின் பெயர்ப் பட்டியலைப் படிக்கச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்? 1969-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் லீ சில்வர் என்பவர் ஜிம் லவல், ஃப்ரெட் ஹெய்ஸ் உள்ளிட்ட வீரர்களைப் பாலைவன மலைக்கு அழைத்துக்கொண்டு போய் முறையையே மாற்றினார். நடங்கள், பாருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். பிற்பாடு அப்பல்லோ 15 குழுவோடு பழகும்போது, பாறை கண்ணில் படாத இடத்தில் சிலரை உட்கார வைத்து, வீரர்கள் வானொலியில் சொல்வதை மட்டும் கேட்டு அவர்கள் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். சொல்கிறவருக்குக் கண் கூர்மையானது, கேட்கிறவருக்குக் கேள்வி கூர்மையானது.

பலன் 1971-இல் தெரிந்தது. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவில் ஸ்பர் என்ற பள்ளத்தின் ஓரத்தில், புழுதி படிந்த கற்களுக்கு நடுவே ஒன்றின் முகம் மட்டும் பளிச்சென்று மின்னுவதைக் கண்டார்கள். அது பிளாஜியோகிளேஸ் தாதுவின் தட்டையான பிளவு முகம் என்பது ஸ்காட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று பூமிக்குச் சொன்னார். நிலவின் மிகப் பழைய மேலோட்டின் துண்டு அது, அனார்த்தசைட் வகைப் பாறை. பிறகு 'ஆதிக்கல்' என்று பெயர் வாங்கியது. அதே பயணத்தில், நேரமாகிறது திரும்புங்கள் என்று தரைக்குழு அவசரப்படுத்திய நேரம், ஸ்காட்டின் கண்ணில் துளைகள் நிறைந்த ஒரு கறுப்புக் கல் பட்டது. இருக்கைப் பட்டையைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி வண்டியை நிறுத்தி, இறங்கி அதை எடுத்துக்கொண்டார். அதுவரை இர்வின் சுற்றியுள்ள பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் கல்லுக்கு இன்றைக்கும் இருக்கைப் பட்டைக் கல் என்றுதான் பெயர். பயிற்சி ஒருவரை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இது.

சரி, இதற்கும் சேலத்துக்கும் என்ன? நிலவின் வெளிர் நிறப் பகுதிகள் பெரும்பாலும் அனார்த்தசைட். பூமியில் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நிலவுக்கு மீண்டும் ஆளனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டப் பயிற்சிக்காகக் கனடா வீரர் ஜெரமி ஹேன்சன் உள்ளிட்டோர் லாப்ரடாரில் உள்ள மிஸ்டாஸ்டின் விண்கல் பள்ளத்துக்குப் போனார்கள். ஐரோப்பிய வீரர்கள் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குப் போகிறார்கள். நமக்கு அது பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே உள்ள சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருப்பது கால்சியம் மிகுந்த அனார்த்தசைட், நிலவுப் பாறைக்கு நெருங்கிய உறவு. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க, இந்தக் கல்லைத்தான் டன் கணக்கில் பொடியாக்கி பெங்களூருவில் செயற்கை நிலவுத் தரை போட்டது இஸ்ரோ. அந்த வேலையில் நம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. சேலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

செய்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று பள்ளி மைதானத்தில் ஒரு வெள்ளோட்டம் வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் ஏற்காட்டுக் கல். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் கையில் தாளும் பென்சிலும்.

"கல்லு கறுப்பா இருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"பெருசாத்தான் இருக்கு."

"சரி, வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கு."

அவன் தாளில் ஒரு வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். கல்லைத் திருப்பிப் பார், வெளித்தோல் வேறு உடைந்த முகம் வேறு, வெயிலில் சாய்த்துப் பார், உன் கைமுட்டியோடு வைத்து அளவு சொல் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு தொடங்கினாள். "என் கைமுட்டிய விடக் கொஞ்சம் சின்னது. வெளிய பழுப்பு, தொட்டா சொரசொரன்னு இருக்கு. உடைஞ்ச பக்கம் பச்சையும் சாம்பலும் கலந்த மாதிரி. அதுல கடுகு அளவுல நீலமா பொடிப்பொடியா இருக்கு. ஒரு பக்கம் சாய்ச்சா மட்டும் மின்னுது, திருப்பினா மின்னல." பையன் வேகமாக எழுதிக்கொண்டே "எந்தப் பக்கம் சாய்ச்சா?" என்று கேட்டான். ஹூஸ்டனிலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

எந்த இடத்தில் நடப்பது

இதில் இன்னொரு தேர்வு இருந்தது. சேலத்தைச் சுற்றிப் பாறைக்குப் பஞ்சமில்லை. கஞ்சமலையில் இரும்புத் தாது. ஓமலூர் சாலைப் பக்கம் சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்புகள் ஓடும் அழகுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் அது சுரங்கப் பகுதி, பிள்ளைகளோடு நுழைய முடியாது.

சித்தம்பூண்டிக்கே போய் முகாம் போடலாம் என்றால் அங்கே ஒரே வகைக் கல் அதிகம், கண்ணுக்குச் சோதனை குறைவு. வெயிலும் தாங்காது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோ பெரும்பாலும் சார்னோகைட் என்ற கரும்பாறை. புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவினதுபோல் ஒரு மினுமினுப்பு. கண்ணாடிபோன்ற தாதுவான குவார்ட்ஸ்கூட அதில் நீலமாகத் தெரியும். அதே கல் மழையில் ஊறி ஊறிச் செம்மண்ணாகி, மேலே சேர்வராயன் கோயில் பக்கத்து மேட்டில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டாக மாறியிருக்கிறது. ஒரே பாறையின் ஆரம்பத்தையும் முடிவையும் ஒரு காலை நடையில் பார்த்துவிடலாம். பனிமூட்டமும் நமக்கு உதவிதான். பத்தடியில் நிற்பவர் தெரியாதபோது வாயால் சொல்வதைத் தவிர வழி இருக்காது.

ஆகவே ஏற்காடு. சித்தம்பூண்டிக் கல்லை நாங்கள் கொண்டுபோகிறோம். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை, நடைப்பாதையில் கறுப்புக் கற்களுக்கு நடுவே யாருக்கும் சொல்லாமல் வைத்துவிடுவோம். வெள்ளையில் ஆங்காங்கே கறுப்பு ஹார்ன்பிளெண்டுப் புள்ளிகள் உள்ள கல் அது. குவார்ட்ஸ் என்று நினைத்துத் தாண்டிப் போவது சுலபம். குவார்ட்ஸ் கண்ணாடி உடைந்தமாதிரி வளைந்து உடையும், இந்தக் கல்லில் நிறைந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பாரில் (ஸ்காட் கண்ட பிளாஜியோகிளேஸும் இந்த இனம்தான்) தட்டையான முகம் மின்னும். முந்தின நாள் இரவு இந்த வித்தியாசத்தை மட்டும் லென்ஸ் வைத்துப் பழக்கிவிடுவோம். நேரம் ஆகிறது என்று, விடுதியிலிருந்து வாக்கி டாக்கியில் பேசும் பின்னறைக் குழு அவசரப்படுத்தும். எந்தக் குழு நின்று பார்க்கிறது என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

கட்டுப்பாட்டு அறை யோசனையையும் விட்டுவிடவில்லை. விடுதிக் கூடத்தில் ஒரு குழு வரைபடத்தோடு உட்காரும். நடப்பவர்கள் வாக்கி டாக்கியில் சொல்வார்கள், படம் அனுப்பக் கூடாது. முதல் சுற்றில் உடனுக்குடன் பேசலாம், நிலவுக்கு வானொலி அலை போகச் சுமார் 1.3 விநாடிதான். இரண்டாம் சுற்று செவ்வாய்க்கானது. அங்கே ஒரு சொல் போய்ச் சேரவே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். அதனால் பின்னறைக்குச் செய்தி பத்து நிமிடம் கழித்துத்தான் கொடுக்கப்படும். கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் நடப்பவர்கள் அடுத்த பாறைக்குப் போயிருப்பார்கள். எதை அவர்களே முடிவு செய்வது, எதற்குக் காத்திருப்பது என்பதை முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுக்கு ஒரு தலைவர், ராத்திரி கலந்துபேசல்.

ஏற்பாடுகளில் கவனிக்க வேண்டியவை சில. கொண்டை ஊசி வளைவுகளில் மலையை வெட்டிய இடங்களில்தான் பாறை நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே பஸ்ஸும் லாரியும் திரும்பும் வேகத்தில் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. வனத்துறைக் காட்டில் கல் எடுக்கவும் கூடாது. தனியார் காப்பித் தோட்டம் ஒன்றில் அனுமதி கிடைத்திருக்கிறது. உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவது என்று பேச்சு. சுத்தியல் ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கும், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு. மழை ஈரம் காயாமல் இருந்தால் அட்டைக்கு உப்பும் முழுக்கால் சாக்ஸும் அவசியம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். இப்போது இருப்பது போதாது. பழையது வைத்திருப்பவர்கள் முகாமுக்கு முந்தின சனிக்கிழமைக்குள் மன்றத்தில் கொடுத்தால் பெயர் ஒட்டி வாங்கிக்கொண்டு, முடிந்ததும் அப்படியே திருப்பித் தருகிறோம்.